வாசலிலேயே மறிக்க வேண்டிய கரண்டு

ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிட்டால் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏதாவது ஓர் ஊரில் இந்தப் புகார் கேட்கும். காற்று அடித்தது, லைட் எல்லாம் ஒரு நிமிஷம் கண் கூசுகிற மாதிரி எரிந்தது, அப்புறம் டிவி, பிரிட்ஜ், வைஃபை பெட்டி என்று வரிசையாகப் புகைந்துவிட்டது. அடுத்த வீட்டிலும் அதே கதை, எதிர் வீட்டில் மட்டும் லைட் மங்கிப்போய் மின்விசிறி நகரவே இல்லை. மறுநாள் பத்திரிகையில் ‘உயர் மின்னழுத்தத்தால் பொருட்கள் சேதம்’ என்று நாலு வரி வரும். சிலர் இடி விழுந்தது என்பார்கள். சிலர் இபிக்காரர்கள் கரண்டைக் கூட்டி விட்டுவிட்டார்கள் என்பார்கள். மழை ராத்திரியில் டிரான்ஸ்பார்மர் அடியில் உட்கார்ந்து கரண்டைக் கூட்டுவதற்கு யாரும் இல்லை. ஒரு வீட்டில் பளீரென்றும் எதிர் வீட்டில் மங்கலாகவும் ஒரே நேரத்தில் எரிந்திருந்தால், அநேகமாக நடந்தது வேறு: லைனில் நியூட்ரல் கம்பி எங்கோ விட்டிருக்கிறது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் தெருவில் போகும் லைனில் மூன்று பேஸ், ஒரு நியூட்ரல். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு பேஸுக்கு இடையே 400 வோல்ட். என் வீடு ஒரு பேஸில், எதிர் வீடு இன்னொரு பேஸில் இருக்கும். திரும்பும் வழியான நியூட்ரல் இருவருக்கும் பொது. அந்த நியூட்ரல் போஸ்டில் அறுந்துவிட்டால் கரண்டு நிற்பதில்லை. ஒரு பேஸிலிருந்து கிளம்பி, ஒரு வீட்டுச் சாமான்களுக்குள் புகுந்து, வெளியே வந்து, மற்ற வீட்டுச் சாமான்கள் வழியாக இன்னொரு பேஸுக்குப் போகிறது. ஆக இரண்டு வீடும் சேர்ந்து 400 வோல்ட்டைப் பங்குபோடுகின்றன. பங்கு சமமாக இருக்காது. எதிர் வீட்டில் 1000 வாட் இஸ்திரிப்பெட்டி ஓடுகிறது, இங்கே ஒரு டிவியும் இரண்டு எல்இடி பல்புமாக 100 வாட்தான் ஓடுகிறது என்று வையுங்கள். முன்னதன் மின்தடை சுமார் 53 ஓம், பின்னதன் தடை சுமார் 529 ஓம். கணக்குப் போட்டால் இஸ்திரிப்பெட்டி வீட்டுக்குக் கிடைப்பது 36 வோல்ட், டிவி வீட்டில் ஏறுவது 364 வோல்ட். நிஜத் தெருவில் வீடுகள் அதிகம், கணக்கும் சிக்கலாகும். ஆனால் போக்கு இதுதான். சிக்கனமாக ஒரே ஒரு லைட்டைப் போட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்த வீடுதான் அதிகம் அடிபடும்.

364 வோல்ட் ஏறினால் டிவிக்குள் என்ன ஆகிறது? இன்றைய டிவி, மோடம், எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர் எல்லாமே உள்ளே வரும் ஏசி கரண்டை முதலில் டிசியாக மாற்றி ஒரு கெப்பாசிட்டரில் தேக்குகின்றன. 230 வோல்ட் வந்தால் அந்தக் கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். அதற்குத் தோதாக 400 அல்லது 450 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டரைப் போட்டிருப்பார்கள். 364 வோல்ட் வந்தால் அங்கே 515 வோல்ட் ஏறப் பார்க்கும். கெப்பாசிட்டரின் தலை உப்பி வெடிக்கும். மெக்கானிக் மூடியைக் கழற்றும்போது வருகிற மீன் வாடை அதிலிருந்து கசிந்த திரவத்தின் வாடை. பழைய காயில் மின்விசிறியும் குண்டு பல்பும் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட ராத்திரியில் ஒரு பல்பு போகும், விசிறி சூடாகும், அதோடு முடிந்தது. இன்று வீட்டில் பாதிச் சாமானுக்குள் இந்தக் கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் ஒரே சம்பவத்தில் பத்துப் பொருள் போகிறது.

இந்த மாவட்டத்தில் நியூட்ரல் போவதற்கான காரணங்கள் மண்ணிலும் காற்றிலுமே இருக்கின்றன. தேங்காப்பட்டணம் முதல் மணக்குடி வரை கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்று வருஷம் முழுக்க அடிக்கிறது. போஸ்டில் போவது அலுமினியக் கம்பி. வீட்டுக்கு இறங்கும் சர்வீஸ் வயர் சில இடங்களில் செம்பு. இந்த இரண்டு உலோகத்தையும் நேராக முறுக்கிக் கட்டி, மேலே உப்பு ஈரமும் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். முதலில் இணைப்பு தளரும், சூடாகும், தீப்பொறி பறக்கும், பிறகு ஒருநாள் விட்டுப்போகும். உள்நாட்டுக்கு வந்தால் தென்னை. வீடுகள் தோப்புக்குள் தோப்பாகச் சிதறிக் கிடக்கிற ஊர்களில் லைன், தென்னைக்கும் பலாவுக்கும் நடுவேதான் போகிறது. காய்ந்த மட்டை ஒன்று விழுந்தாலே போதும். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் என்று இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது. மட்டை விழ வருஷத்தில் இரண்டு பருவம். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் ஆயிரக்கணக்கான போஸ்டுகளைச் சாய்த்தபோது வெளிமாவட்டங்களிலிருந்து ஊழியர்கள் வந்து ராப்பகலாக லைனைக் கட்ட வேண்டியிருந்தது. அப்படி அவசரத்தில் செய்யப்படும் இணைப்பு எந்த ஊரிலும் நெடுநாள் நிற்பதில்லை.

இன்னொன்று, டிரான்ஸ்பார்மரின் கணக்கு. அது 433 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டது. ஒரு பேஸுக்கு 250 வோல்ட் வருகிறது. போகிற வழியில் விழுகிற வோல்டேஜைக் கருதி அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே டிரான்ஸ்பார்மருக்கு அடுத்த வீட்டுக்காரர் நள்ளிரவில் 250ஐப் பார்ப்பார். அதே லைனின் கடைசியில், தோப்புக்குள் இருப்பவர் சாயங்காலம் 180ஐக் காணலாம். இரண்டு பேருமே ‘வோல்டேஜ் சரியில்லை’ என்றுதான் சொல்வார்கள், ஆனால் நோய் வேறு வேறு. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் இத்தனை காத்தாடி சுற்றுகிறது, பக்கத்தில் கூடங்குளம் இருக்கிறது, நமக்கு ஏன் ஒழுங்கான கரண்டு இல்லை என்று கேட்பதும் வழக்கம். கேள்வியில் நியாயமான ஆதங்கம் இருக்கிறது, பதில் அந்தக் காத்தாடிகளிடம் இல்லை. அந்தக் கரண்டெல்லாம் உயர் அழுத்தத் தொகுப்பில் சேர்கிறது. நம் சாமானைக் கெடுப்பது டிரான்ஸ்பார்மருக்கும் மீட்டருக்கும் நடுவே உள்ள கடைசி சில நூறு மீட்டர்.

இந்த நோய்களுக்கு இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் ஒரே மருந்து ஸ்டெபிலைசர். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. நீண்ட லைன், குறைந்த டிரான்ஸ்பார்மர், சாயங்காலம் ஆனால் மங்குகிற பல்பு என்றிருந்த காலத்தில் பிரிட்ஜும் டிவியும் வாங்கியவர்கள் பயந்தது குறைந்த வோல்டேஜுக்கு. 1977இல் கொச்சியில் தொடங்கிய வி-கார்டு நிறுவனம் முதலில் செய்தது ஸ்டெபிலைசரைத்தான். அந்தத் தேவையே ஒரு பெரிய வியாபாரமாக வளர்ந்தது. 160, 170 வோல்ட்டை 220 பக்கம் தூக்கிக் கொடுப்பதில் ஸ்டெபிலைசர் கெட்டி. உள்ளே ஒரு டிரான்ஸ்பார்மர் சுருள், அதில் நாலைந்து முனைகள், எந்த முனையை எடுப்பது என்று தீர்மானிக்கும் ரிலே. ஆனால் 364 வோல்ட் வந்தால் அதைக் குறைத்துக் கொடுக்க அந்தச் சுருளால் ஆகாது. உயர் வோல்டேஜ் வந்தால் துண்டிக்கும் வசதியுள்ளவை பிரிட்ஜைக் காப்பாற்றலாம்; அந்த வசதி இல்லாத மலிவுப் பெட்டி தானும் எரிந்து பிரிட்ஜையும் கூட்டிக்கொண்டு போகும். இரண்டிலும், ஸ்டெபிலைசர் வழியாகப் போகாத லைட்டும் மோடமும் சார்ஜரும் அநாதைகள்தான். வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டு அறைக்கு அறை காவல் வைக்கிற ஏற்பாடு இது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்: காவல் மீட்டருக்குப் பின்னால், வாசலிலேயே நிற்க வேண்டும்.

எம்சிபி இருக்கிறதே என்பார்கள். எம்சிபி பார்ப்பது எத்தனை ஆம்பியர் போகிறது என்பதை. எத்தனை வோல்ட் வருகிறது என்று அதற்குத் தெரியாது. டிவி வெடித்து உள்ளே ஷார்ட் ஆன பிறகுதான் அது விழும். சிவப்பு விளக்கு எரியும் ஸ்பைக் கார்டு பலகை இருக்கிறது என்றால், அதற்குள் இருக்கும் சிறிய வேரிஸ்டர் இடியால் வரும் கண நேர வீச்சை விழுங்குவதற்கானது. நிமிஷக் கணக்கில் 364 வோல்ட் நின்றால் அது விழுங்கி விழுங்கிச் சூடாகி, தானே கருகும். பிளாஸ்டிக் பலகை பற்றிக்கொள்ளவும் கூடும். இன்வெர்ட்டர் நல்ல காவல்காரன்தான், பெரும்பாலானவை வோல்டேஜ் எல்லை தாண்டினால் பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். ஆனால் அதில் இணைத்தவை நாலு லைட்டும் இரண்டு விசிறியும்தான். பிரிட்ஜ், மோட்டார், ஏசி எல்லாம் நேரடி லைனில் நிற்கின்றன.

இதே பிரச்சினையை உலகின் இன்னொரு மூலையில் வேறு கூட்டம் தீர்த்திருக்கிறது. அமெரிக்காவில் கேரவன் வண்டியில் ஊர் சுற்றுபவர்கள் ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு முகாமில் வண்டியை நிறுத்தி, அங்குள்ள கரண்டுத் தூணில் வண்டியின் வயரைச் செருகுகிறார்கள். அந்தத் தூண் பழையதா, யார் பார்த்தார்கள், எர்த் இருக்கிறதா என்று எதுவும் தெரியாது. அங்கே 120 வோல்ட். பெரிய வண்டிக்கான 50 ஆம்பியர் இணைப்பில் இரண்டு 120 வோல்ட் லைனும் நடுவே ஒரு நியூட்ரலும் இருக்கும். நியூட்ரல் விட்டால் நம் தெருவில் நடப்பதேதான் வண்டிக்குள் நடக்கும், 120 வோல்ட் சாமானில் 240 வரை ஏறலாம். அதனால் விவரமானவர்கள் தூணுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு பெட்டியை வைக்கிறார்கள். பரவலாக விற்கும் ஒரு வகை 104 வோல்ட்டுக்குக் கீழேயோ 132க்கு மேலேயோ போனால் வண்டியைத் துண்டித்துவிடும். எர்த் இல்லை, பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறது என்றால் கரண்டை உள்ளேயே விடாது. எல்லாம் சரியான பிறகும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் காத்திருந்துதான் இணைக்கும். கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமண்ணில் கேரவன் பூங்கா திறந்தது. சபரிமலை சீசனிலும் கோடை விடுமுறையிலும் கன்னியாகுமரிக்கு வருகிற வண்டிகளிலும் இனி ஏசியும் பிரிட்ஜும் வரத்தான் போகின்றன. லாட்ஜ் ஓரத்தில் இழுத்துக் கொடுக்கப்படும் வயரை நம்பிச் செருகுபவர்களுக்கு இந்தப் பெட்டி அவசியம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அவர்களுடைய மனப்பான்மை. வெளியிலிருந்து வரும் கரண்டு நல்லது என்று அவர்கள் முன்கூட்டியே எடுத்துக்கொள்வதில்லை. நகராத நம் வீட்டுக்கும் கரண்டு வருவது அடுத்தவர் பராமரிக்கும் தூணிலிருந்துதான்.

இங்கே அந்தப் பெட்டியை வோல்டேஜ் புரொடெக்டர் என்று எலக்ட்ரிக்கல் கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். டிபி பெட்டிக்குள் எம்சிபி பக்கத்திலேயே மாட்டும் அளவில் இருக்கும். முகப்பில் அப்போதைய வோல்டேஜ் எண்ணாகத் தெரியும். குறைந்த எல்லை, கூடிய எல்லை, காத்திருக்கும் நேரம் மூன்றையும் நாமே வைத்துக்கொள்ளலாம். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீடு என்றால் மேல் எல்லையை 265 வாக்கில் வைக்கலாம்; 250இல் வைத்தால் நள்ளிரவில் அடிக்கடி விழுந்து எரிச்சல் மூட்டும். லைனின் கடைசி வீட்டுக்குக் கீழ் எல்லை 170, 175. காத்திருப்பு மூன்று நிமிஷம். இந்த மூன்று நிமிஷம் பிரிட்ஜுக்காக. ஓடிக்கொண்டிருந்த கம்பிரசரை நிறுத்தி உடனே ஓட்டினால் உள்ளே அழுத்தம் இறங்கியிருக்காது, மோட்டார் சுற்ற முடியாமல் திணறி அதிகக் கரண்டை இழுக்கும். பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்திவிட்டுச் சாயங்காலம் திரும்பக் கொடுக்கும்போது ஒருதரம் வந்து போய் வருகிறதே, கம்பிரசர்கள் போவது அந்த வேளையில்தான். மூன்று பேஸ் வீட்டுக்கு மூன்று பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவனிக்கும் பெட்டி வேண்டும். மோட்டார், ஏசி என்று பெரிய லோடு இருந்தால் இந்தப் பெட்டியே முழுக் கரண்டையும் சுமக்காமல், அது கான்டாக்டர் என்கிற பெரிய சுவிட்சை இயக்கும்படி வயரிங் செய்வது நல்லது. மலிவான ரிலேயின் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டால் துண்டிக்க வேண்டிய நேரத்தில் துண்டிக்காது.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது முதலாவது: ஒழுங்கான கரண்டு கொடுப்பது மின்வாரியத்தின் கடமை, நான் ஏன் காசு போட வேண்டும்? சட்டம் நுகர்வோர் பக்கம்தான் நிற்கிறது. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 54ஆவது விதியே தாழ்வழுத்த இணைப்பில் 6 சதவீதத்துக்கு மேல் வோல்டேஜ் மாறக்கூடாது என்றது. 230க்கு அது 216 முதல் 244 வரை. கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் மட்டை விழுந்து நியூட்ரல் அறுவதற்கும் டிவி வெடிப்பதற்கும் இடையே உள்ள நேரம் சில விநாடி. எத்தனை கடமை உணர்வுள்ள லைன்மேனும் அதற்குள் வர முடியாது. உரிமையும் காவலும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. இரண்டாவது மறுப்பு, புதிய பிரிட்ஜும் ஏசியும் ‘ஸ்டெபிலைசர் வேண்டாம்’ என்றே வருகின்றன என்பது. உண்மைதான், விற்பனைக்காரர் காட்டும் தாளில் மேல் எல்லை எவ்வளவு என்று பாருங்கள். 100 வோல்ட்டிலும் ஓடும் என்பதைப் பெரிதாக அச்சடிப்பார்கள், மேல் பக்கம் 290, 300இல் நின்றுவிடும். நியூட்ரல் விட்ட ராத்திரிக்கு அது போதாது. மூன்றாவது, சும்மா சும்மா விழுந்து வீட்டை இருட்டாக்கும் என்பது. எல்லையைச் சரியாக வைத்தும் அடிக்கடி விழுகிறது என்றால் அந்த வீட்டுக்கு வரும் கரண்டு மோசம் என்று அர்த்தம், அதைத் தெரிந்துகொள்வதும் லாபம்தான். சாயங்காலம் தோறும் 170க்குக் கீழே போகும் வீட்டில் மட்டும் இந்தப் பெட்டிக்குப் பின்னால் மெயின்லைன் ஸ்டெபிலைசர் ஒன்றும் வேண்டியிருக்கும். அங்கே பெட்டி இல்லாமல் ஸ்டெபிலைசரோ ஸ்டெபிலைசர் இல்லாமல் பெட்டியோ உதவாது. செலவைப் பொறுத்தவரை, பெட்டியும் கூலியும் சேர்த்துச் சில ஆயிரத்தில் முடியும். ஒரு டிவியின் பேனல் அதைவிட அதிகம்.

பெட்டி பொருளைத்தான் காக்கும். ஆளைக் காப்பது எர்த்தும், கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்சிசிபியும். இதில் நம் ஊர் வயரிங்கில் ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு பேஸ் வீட்டில் சர்வீஸ் வயரின் நியூட்ரல் விட்டால் கரண்டு போய்விடும், ஆனால் டெஸ்டரை பிளக்கின் இரண்டு ஓட்டையில் வைத்தாலும் எரியும். ஓடிக்கொண்டிருந்த பல்பு, விசிறி வழியாக பேஸ் திரும்பி நியூட்ரல் கம்பிக்கு வந்து நிற்பதால் அப்படி. உடனே யாராவது நியூட்ரலைக் கழற்றி எர்த் கம்பியில் கொடுத்து லைட்டை எரியவைத்துவிடுவார்கள். ‘நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்று விட்டுப்போனது மாதக் கணக்கில் ஓடும். எர்த் குழி காய்ந்திருந்தால் பிரிட்ஜின் கதவு, கிரைண்டரின் உடம்பு, மோட்டாரின் பைப்பு எல்லாவற்றிலும் கரண்டு நிற்கும். கல்குளம், விளவங்கோடு பக்கத்து மேட்டுப் பாறை நிலத்திலும் கடற்கரை மேல்மணலிலும் எர்த் சுலபத்தில் நல்லபடி அமையாது. வயல் ஓரத்துக் களிமண்ணில் ஒரு பைப்பு போதும் என்றால் அங்கே இரண்டு மூன்று தேவைப்படலாம், கோடையில் தண்ணீர் ஊற்றவும் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒருவர் மேல் கரண்டு பாய்ந்ததும் கண நேரத்தில் விழும். நியூட்ரல் விட்டு 364 வோல்ட் ஏறினால் அது விழாது, கசிவு ஏதும் இல்லையே. இடிக்கு எஸ்பிடி என்று தனியாக ஒன்று இருக்கிறது. வீச்சை மண்ணுக்கு அனுப்புவதுதான் அதன் வேலை என்பதால் எர்த் நன்றாக இல்லாத வீட்டில் அதற்குப் போட்ட காசு வீண். பழைய மூன்று பேஸ் வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: நியூட்ரலிலும் பீஸ் கேரியர் வைத்திருந்தால், அந்தப் பீஸ் போகும் அன்று தெரு நியூட்ரல் நன்றாக இருந்தாலும் வீட்டுக்குள் இதே கூத்து நடக்கும். அதை எடுத்துவிட்டு நேரான இணைப்பு கொடுக்கச் சொல்லி உரிமம் உள்ள வயர்மேனிடம் கேளுங்கள்.

அந்தப் பெட்டியின் எண்ணுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. ‘வோல்டேஜ் சரியில்லை’ என்று மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் சொல்வதற்கும், ‘இரவு 7 மணிக்கு 168, பத்தரைக்கு 259, இன்ன நாளில் 280 தாண்டி விழுந்தது’ என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பின்னதைக் கேட்கும் பொறியாளருக்கு டிரான்ஸ்பார்மரின் பாரம் சமமாக இல்லையா, லைன் நீளமா, நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று எங்கிருந்து தொடங்குவது என்பது புரியும். ஒரு வாரம் திரையைச் செல்போனில் படம் எடுத்து, அதே லைனில் இருக்கும் நாலு வீட்டுக்காரர்களின் கையெழுத்தோடு பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். பதில் இல்லையென்றால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 42ஆவது பிரிவின்படி அமைந்த நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, அதற்கு மேல் மின்குறைதீர்ப்பாளர் இருக்கிறார். சாமான் எரிந்துபோனதற்கு நஷ்டஈடு கேட்பவர்கள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, அன்றைக்கு வீட்டுக்கு எத்தனை வோல்ட் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்பதாகத்தான் இருக்கும்.